நான்கு மாதம் நின்ற வண்டி

மழைக்காலம் முழுக்க நின்ற மோட்டார் சைக்கிள் தை மாதத்தில் கிளம்பாமல் அடம்பிடிப்பது டெல்டா கிராமங்களில் வழக்கமான சங்கதி. பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்துக்கு மூடிவைத்த வண்டியைக் கோடை தொடங்கும்போது எடுப்பவர்களுக்கும் இதே பாடுதான். அங்கே பனி, இங்கே வடகிழக்குப் பருவமழை. நின்ற வண்டிக்குள் நடப்பது ஒன்றுதான்: பெட்ரோல் கெடுகிறது, பேட்டரி இறங்குகிறது, எலியும் குளவியும் குடிவருகின்றன. இன்ஜின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இது தெரியாமல்தான் பல நல்ல வண்டிகள் காயலான் கடைக்குப் போகின்றன.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வண்டி அப்படிப் போக இருந்தது. பன்னிரண்டு வயதான 100 சிசி வண்டி. வீட்டுக்காரர் புரட்டாசிக் கடைசியில் வரப்பில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே பிளேட் வைத்தார்கள். ஆறு மாதம் காலை ஊன்றி வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருத்துவமனைக்கும் சம்பா வயலுக்கும் அலைந்த குடும்பம், மாட்டுக் கொட்டகை ஓரம் தார்ப்பாயின் கீழ் நின்ற வண்டியை மறந்தே போனது.

வீட்டில் இரண்டு கறவை மாடு. நாளைக்கு 12 லிட்டர் பால். சொசைட்டி மூன்று கிலோமீட்டர் தூரம். பக்கத்து வீட்டுப் பையன் லிட்டருக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு கேனை எடுத்துப்போனான். மாதம் 720 ரூபாய் அதிலேயே போனது. தை பிறந்ததும் அவன் அறுவடை மெஷினோடு வேலைக்குக் கிளம்பிவிட்டான். இனி பாலை யார் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தபோதுதான் வண்டி ஞாபகம் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகளிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால், வண்டி உயிர் பெறவில்லை. பழைய வண்டி வாங்குபவர் வந்து பார்த்து, 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

மகள் விடாமல் கிக்கரை உதைத்தார். செல்ஃப் பட்டனை அழுத்தினார். 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. கயிற்றுக் கட்டிலில் இருந்த தந்தை, "பாப்பா, உதைக்கிறத நிறுத்து. முதல்ல பாரு, அப்புறம் உதைக்கலாம்" என்றார். அன்று சாயங்காலம் அவர் கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, மகள் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

முதலில் ஏர் ஃபில்டர். மூடியைத் திறந்தால் உள்ளே வைக்கோலும் கிழிந்த துணியும். எலி கூடு கட்டியிருந்தது. காற்று போக வழியில்லாத இன்ஜினை எத்தனை உதைத்தாலும் பயனில்லை. சைலன்சர் வாயில் குளவி கட்டிய மண் கூட்டையும் நோண்டி எடுத்தார்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா என்று சீட்டுக்கு அடியில் தடவிப் பார்த்ததில், நல்லவேளையாக ஒன்றும் இல்லை.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. நம் வயலில் விளையும் கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எடுப்பதுதான் எத்தனால். அதற்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பாதி டேங்க் காலியாக இருந்தால், அந்த இடத்தில் இருக்கும் மழைக்காலக் காற்றின் ஈரம் பெட்ரோலில் சேரும். நீர் அளவுக்கு மீறினால், எத்தனாலோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதும் அந்த அடியிலிருந்துதான். அதோடு, எளிதில் தீப்பிடிக்கும் பாகம் மெல்ல ஆவியாகிவிடுவதால் மிச்சமிருக்கும் பெட்ரோலுக்கு வேகம் குறைந்துவிடும்.

டியூபைக் கழற்றி டேங்கைக் கண்ணாடி பாட்டிலில் வடித்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. மேலே மஞ்சள், அடியில் கலங்கலாக இரண்டு விரல் உயரம். பழைய பெட்ரோலை வாய்க்காலில் ஊற்றவில்லை, அடுப்புப் பக்கமும் கொண்டுபோகவில்லை. சாமான் கழுவ ஆகும் என்று மெக்கானிக் கடையில் கொடுத்துவிட்டு, புதிதாக ஒரு லிட்டர் வாங்கி ஊற்றினார்கள்.

அப்போதும் கிளம்பவில்லை. "பிளக்கைக் கழற்றிப் பாரு, ஈரமா, காய்ஞ்சிருக்கா?" என்றார் தந்தை. காய்ந்திருந்தது. பிளக் ஈரமாக இருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் அதிகமாக வந்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. கோளாறு கார்புரேட்டரில் என்பது இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துபோனது.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால், பெட்ரோல் வற்றிப்போய்ப் பழுப்பு நிறத்தில் பிசின் ஒட்டியிருந்தது. சின்ன ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். அதில் பிசின் அடைத்தால் ஸ்டார்ட் ஆகாது. அதைக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும். அதனால் பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்று அடித்தார்கள். ஜெட்டைத் தூக்கிப் பார்த்தபோது மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது.

பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துத் துடைத்தார்கள். பிளக் துளையில் நாலு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, மெதுவாகப் பத்து தடவை கிக்கரை மிதித்தார்கள். நாள்பட நின்ற சிலிண்டருக்குள் எண்ணெய்ப் பசை போயிருக்கும், அதற்காக. பிறகு பிளக்கை மாட்டி, வண்டியைக் கொட்டகையிலிருந்து வாசலுக்குத் தள்ளினார்கள். மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். மாட்டுக்கும் ஆகாது.

சோக்கை இழுத்து உதைத்தபோது நான்காவது உதையில் இருமியது. ஏழாவதில் பிடித்துக்கொண்டது. உள்ளே விட்ட ஆயில் எரியும்வரை வெள்ளைப் புகை வந்து, பிறகு நின்றது. பேட்டரி இறங்கியிருந்தும் எப்படிக் கிளம்பியது என்றால், இது போன்ற பல பழைய வண்டிகளில் பொறிக்கான மின்சாரம் பேட்டரியைக் கேட்காமல் காயிலிலிருந்தே வருகிறது. அதனால்தான் கிக்கர் கைகொடுத்தது.

மறுநாள் பேட்டரியைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். கழற்றும்போது முதலில் கறுப்பு வயர், மாட்டும்போது கடைசியில் கறுப்பு வயர். நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். இது 11-க்கும் கீழே இருந்தது. 5 ஆம்பியர் பேட்டரியை அரை ஆம்பியரில் மெதுவாக ஏற்றினால்தான் தாங்கும். கார் பேட்டரி ஏற்றும் வேகத்தில் ஏற்றினால் கெட்டுவிடும். இறங்கிய பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே விட்டாலும் அது திரும்ப உயிர் பெறாது. இந்தப் பேட்டரி தப்பியது. டயருக்குக் காற்றடித்து, துருப்பிடித்து இறுகியிருந்த பின் பிரேக்கைச் சரிசெய்து, செயினுக்கு எண்ணெய் விட்டதும் வண்டி சாலைக்குத் தயார். மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 விதிப்படி வந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை டேங்கிலிருந்து தள்ளுவது மின்சார பம்ப். அவற்றுக்குப் பேட்டரி உயிர்நாடி. சாவியைப் போட்டு, பம்ப் ஓடும் சத்தம் அடங்கிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி பார்க்கலாம்.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால் ஐப்பசிக்கு முன்பே அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள், ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது. கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் டேப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள், எடுக்கும்போது மறக்காமல் உருவிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில், மாட்டுக் கொட்டகையின் ஈரத்துக்குத் தள்ளி நிறுத்துங்கள்.

அந்த வீட்டு வண்டி இப்போது காலை ஆறு மணிக்கு இரண்டு கேனோடு சொசைட்டிக்குப் போகிறது. பாலை ஊற்றிவிட்டு வந்து மகள் கல்லூரிப் பஸ்ஸைப் பிடிக்கிறார். பழைய வண்டி வாங்குபவர் மறுபடி வந்தபோது, விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பியது வீட்டு அம்மா. ஆயில் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது தந்தை. மாற்றுவது மகள்.