போர் அறிவிக்கும் முன்பே பிணம் விழுந்த ஊர்: ஜோன்ஷெரே

பிரான்சின் கிழக்குக் கோடியில், சுவிட்சர்லாந்து எல்லையில் இருக்கும் டெல் நகரத்துக்குப் பக்கத்து ஊர் ஜோன்ஷெரே. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து இறங்கிவரும் அலேன் ஆற்றோடு கோவாத் என்ற சிற்றாறு இங்கேதான் சேர்கிறது. பெல்ஃபோர் – டெல் ரயில் பாதை 1992இல் மூடப்பட்டு, 2018 இறுதியில் மறுபடி திறக்கப்பட்டது. அதில் ஜோன்ஷெரேயும் ஒரு நிறுத்தம். வரலாறு தெரிந்தவர்கள் இங்கே இறங்குவது ஒரு நினைவுச்சின்னத்துக்காக. முதல் உலகப் போரில் உயிரிழந்த முதல் பிரெஞ்சுச் சிப்பாயும், மேற்குப் போர்முனையின் முதல் ஜெர்மன் வீரரும் ஒரே காலைப் பொழுதில் விழுந்தது இந்த ஊரில்தான்.

அதற்கு இந்த ஊர் ஏன்? 1871இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ், அல்சாஸ் பகுதியைப் பறிகொடுத்தது. பெல்ஃபோரும் அதன் சுற்றுப்புறமும் மட்டும் தப்பின. அதனால் ஜோன்ஷெரே திடீரென்று எல்லைப்புறக் கிராமமாகிவிட்டது. 1914 ஜூலை கடைசியில் போர் மேகம் திரண்டபோது, தன் பக்கத்திலிருந்து வம்பு வந்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பிரெஞ்சு அரசு கவலைப்பட்டது. எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டர் பின்வாங்கி நிற்கும்படி படைகளுக்கு உத்தரவு போனது. அப்படி ஒதுங்கி நின்றும் மோதல் அவர்களைத் தேடி வந்தது.

ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சில் படைதிரட்டலின் முதல் நாள். ஊர் ஓரத்து வீடு ஒன்றில் 44ஆவது காலாட்படைப் பிரிவின் சின்னக் காவல் அணி தங்கியிருந்தது. அதற்குத் தலைவர் கார்ப்பொரல் ஜூல் ஆந்த்ரே பெஜோ. காலை பத்து மணி வாக்கில், தண்ணீர் எடுக்கப் போன சிறுமி ஒருத்தி, குதிரை வீரர்கள் வருவதைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். முலூஸ் நகரத்திலிருந்து எல்லை தாண்டி வேவு பார்க்க வந்த ஜெர்மன் குதிரைப்படை அது. முன்னால் வந்தவர் லெப்டினன்ட் ஆல்பர்ட் மேயர். பெஜோ தடுத்தார், மேயர் கைத்துப்பாக்கியால் சுட்டார். குண்டு தோளில் பாய்ந்தும் பெஜோ திருப்பிச் சுட்டார், உடனிருந்தவர்களும் சுட்டார்கள். மேயர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வீட்டு வாசல்வரை தள்ளாடி வந்து சாய்ந்த பெஜோ 10 மணி 37 நிமிடத்துக்கு உயிரை விட்டார். ஜெர்மனி பிரான்ஸ்மீது போர் அறிவித்ததோ மறுநாள் மாலைதான்.

பெஜோவுக்கு வயது 21, மேயருக்கு 22. பெஜோ என்றதும் நமக்குக் கார் ஞாபகம் வரும். அந்த வட்டாரத்தில் சகஜமான குடும்பப் பெயர் அது. அவர் பிறந்த எத்யூப், கார் தொழிற்சாலை இருக்கும் சோஷோவுக்கு அடுத்த ஊர். இவரோ பள்ளிக்கூட வாத்தியார், வாத்தியாரம்மாவின் மகன். கட்டாய ராணுவ சேவைக்காகப் படைக்கு வந்தவர். இறந்த இடத்திலிருந்து சொந்த ஊர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

1922 ஜூலையில் ஜோன்ஷெரேயில் நினைவுச்சின்னம் எழுந்தது. திறந்துவைத்தவர் அப்போதைய பிரதமர் ரெமோன் புவான்காரே. போர்க்காலத்தில் குடியரசுத் தலைவராக இருந்தவர். போர் அறிவிக்க முப்பது மணி நேரம் முன்பே ஜெர்மனி முதல் பிரெஞ்சு ரத்தத்தைச் சிந்தியது என்று கல்லில் பொறித்தார்கள். இறந்தவருக்கு அஞ்சலி என்பதோடு, எதிரிமேல் சாட்டிய குற்றப்பத்திரிகையாகவும் அது நின்றது. 1940இல் ஊரைப் பிடித்த ஜெர்மானியர்கள் அதை இடித்துத் தள்ளியதில் ஆச்சரியம் இல்லை. இன்று இருப்பது 1959இல் மறுபடி கட்டியது.

முதல் சாவுக்குக் கிடைத்த இந்தக் கவனம் கடைசிச் சாவுக்குக் கிடைக்கவில்லை. 1918 நவம்பர் 11 அன்று காலை, 11 மணிக்குப் போர் ஓய்வதற்குச் சில நிமிடங்களே இருக்கையில், வ்ரீன் மியூஸ் ஊரில் ஒகுஸ்தாங் த்ரெபுஷோன் சுடப்பட்டு இறந்தார். அந்தப் போரில் பிரான்ஸ் இழந்த ஏறத்தாழ 14 லட்சம் பேரில் கடைசியாக விழுந்தவர் என்று கருதப்படுபவர் அவர். கல்லறையில் அவர் இறந்த தேதி நவம்பர் 10 என்றிருக்கிறது. போர் நிற்கப் போகிறது என்று தெரிந்த பிறகும் ஆட்களைச் சாகவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள எந்த ராணுவத்துக்கும் மனம் வராது. ‘அவன்தான் முதலில் சுட்டான்’ என்று காட்ட முதல் சாவு கைகொடுக்கும். அதனால்தான் அதற்கு நிமிடக் கணக்கு வரை பதிவாகியிருக்கிறது.

மேயர் என்ன ஆனார்? மறுநாள் பிரெஞ்சுப் படையினரே ராணுவ மரியாதையோடு அவரை இந்த ஊர் இடுகாட்டில் புதைத்தார்கள். பிற்பாடு அல்சாசில் உள்ள இல்ஃபுர்த் ஜெர்மன் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டார். அல்சாஸ் இன்று பிரான்சில் இருக்கிறது. எந்த எல்லையைத் தாண்டி வந்ததற்காக உயிரை விட்டாரோ, அந்த எல்லையே இப்போது அங்கே இல்லை. ஜோன்ஷெரே போகிறவர்கள் முடிந்தால் இல்ஃபுர்த்துக்கும் ஒரு நடை போய்விட்டு வர வேண்டும். நினைவுச்சின்னம் சொல்வது பாதிக் கதை. மீதி அங்கேதான் இருக்கிறது.