தோப்புக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்!

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆதிசங்கரர் பிறந்த காலடிக்கும் வடசென்னை காலடிப்பேட்டைக்கும் ஸ்நானப் பிராப்திகூட கிடையாது. 1717 முதல் 1720 வரை சென்னைக்கு கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்காரர், நெசவாளிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் இது. 'காலெட் பேட்டை' நம்ம ஜனங்கள் வாயில் விழுந்து புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அவரிடம் வேலை பார்த்த ஒருவர் பெருமாளைச் சேவிக்க தினமும் காஞ்சிபுரத்துக்கு நடையாய் நடந்தாராம். அதைப் பார்த்து மனம் இளகித்தான் இங்கேயே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் எழும்பியது என்று ஊரில் கதை சொல்வார்கள்.

அந்தக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி என் மாமா வீடு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்துவிட்டதால், உறவினர்கள் "தூரம்ப்பா" என்று நழுவ முடியாமல் போய்விட்டது. போன புரட்டாசியில் மாமாவிடமிருந்து போன். "மாப்ள, நீ பி.காம். படிச்சவன்தானே? ஒடனே கெளம்பி வா."

போனேன். கன்டெய்னர் லாரிப் புகையும் கடல் உப்பும் கலந்த காற்று வாசலிலேயே வரவேற்றது. மாமா வாழ்நாள் பூரா தீக்குச்சியோடு காலம் தள்ளியவர். பக்கத்து விம்கோ நகருக்கே பெயர் கொடுத்த தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. ரிட்டயரான பணத்தில் பொன்னேரி தாண்டி, பழவேற்காடு போகிற வழியில் இரண்டு ஏக்கர் மணல் பூமி வாங்கி சவுக்கு வைத்திருக்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். செலவுக்கு அந்தத் தோப்புதான்.

"வியாபாரி வந்து பாத்துட்டான். ஏக்கருக்கு இருவது டன் தேறும், அப்படியே மொத்தமா குடுத்துடுங்கறான். ஐப்பசி, கார்த்திகையில புயல் வந்தா எல்லாம் போச்சு பெரியவரேன்னு பயமுறுத்துறான்."

பயத்துக்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்தப் பக்கத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்று வடசென்னைக்காரர்களிடம் கேளுங்கள். அப்போது விழுந்த மரத்தை அடிமாட்டு விலைக்கு விற்றவர் மாமா.

மறுநாள் திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தோம். வழியெல்லாம் மாமா சவுக்குப் புராணம். சவுக்கு நம் ஊர் மரமே இல்லையாம். 19-ம் நூற்றாண்டில் ரயில் என்ஜினுக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டும் என்றுதான் சென்னையைச் சுற்றிய கடற்கரை மணலில் தோப்பு தோப்பாக வளர்த்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாக விறகு பட்டணத்துக்கு வந்த காலமும் உண்டு.

"எங்க கம்பெனியே வடக்க 1984-ல நபார்டு உதவியோட விவசாயிங்களுக்கு பாப்லர் கன்னு குடுத்துச்சு மாப்ள. உ.பி., பஞ்சாப் பக்கமெல்லாம் கோதுமை வயல்லயே மரம் வளத்தாங்க. குளிர்காலத்துல எல எல்லாம் கொட்டிடும், கோதுமைக்கு வெயில் கெடைக்கும். மரத்துக்கு மரமும் ஆச்சு, ரொட்டிக்கு ரொட்டியும் ஆச்சு!"

தோப்புக்குள் நுழைந்ததும் 'உஷ்ஷ்...' என்று ஒரு சத்தம். காற்றில் சவுக்கு பேசுகிற சத்தம். இரண்டு நிமிஷம் கணக்கெல்லாம் மறந்துவிட்டது. மாமா காலால் சருகைத் தள்ளிக் காட்டினார். "இதுதான் வில்லன். யாராவது பீடித் துண்டைப் போட்டா போதும், பத்திக்கும். அதான் ஓரத்துல சுத்தி ஒரு பாதை அகலத்துக்குக் கூட்டி வெச்சிருக்கேன்." தீக்குச்சி செய்தவருக்கு நெருப்பின் குணம் தெரியாதா?

மூன்று விஷயம் புரிந்தது. ஒன்று, இந்தச் சவுக்கு யூகலிப்டஸ் மாதிரி வெட்டிய கட்டையிலிருந்து தழைத்து வராது. வெட்டினால் வெட்டினதுதான், மறுபடி கன்று, மறுபடி குடத்தில் தண்ணீர். இரண்டு, வெட்டிய மரம் காயக் காய எடை குறையும். இன்று வெட்டி அடுத்த வாரம் எடை போட்டால் லாபம் வியாபாரிக்கு. மூன்று, கண்ணால் மதிப்புப் போடுகிறவனிடம் கண்ணால் பேரம் பேசக்கூடாது.

என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டினோம். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ இப்படி நாற்பது கட்டம். நாலு இடத்தில் எண்ணினால் 71, 64, 80, 69. சராசரி 71. ஆக, ஏக்கருக்கு 2,840 மரம். சின்னது, நடுத்தரம், பெரிசு என்று வகைக்கு இரண்டாக ஆறு மரத்தை வெட்டி எடை போட்டோம். மரத்துக்கு 11 கிலோ. ஏக்கருக்கு 31 டன்! வியாபாரி சொன்னது இருபது.

மாமா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்போ வர்தாவுக்கு முன்னாடி வித்ததெல்லாம்?" என்றார். என்ன பதில் சொல்வது? ஆடிட்டில் பழைய வருஷத்துக் கணக்கைக் கிளறக்கூடாது என்று சமாளித்தேன்.

சரி, புயலுக்கு? கடல் பக்கம் இருக்கிற மரங்கள் பிறந்ததிலிருந்தே காற்றில் அடிபட்டு வேர் இறுகியவை. அவற்றை வெட்டிவிட்டால் உள்ளே சொகுசாக வளர்ந்ததெல்லாம் முதல் புயலிலேயே சாய்ந்துவிடும். ஆகவே, நிலப் பக்கத்து ஒரு ஏக்கரை மட்டும் வெட்டுவது, கடல் பக்கத்து ஏக்கர் அப்படியே நிற்பது, விலை டன் கணக்கில், வெட்டிய அன்றைக்கே எடைமேடையில் எடை என்று முடிவானது. வியாபாரி முணுமுணுத்தார். "தம்பி யாரு, பேங்க்கா?" என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்.

எடைமேடையில் வந்தது 29 டன் சொச்சம். என் கணக்கில் இரண்டு டன் உதை. "பரவால்ல மாப்ள, பாஸ் மார்க்" என்றார் மாமா. மிச்ச ஏக்கர் மழைக்காலத்தைத் தாண்டி நின்றது. வெட்டிய இடத்தில் புதுக் கன்றும் வைத்தாயிற்று.

தையில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஒரு குறைதான். வீட்டு வாசலில் தன் தோப்புச் சவுக்கிலேயே பந்தல் போட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. பந்தல்காரர் கையை விரித்துவிட்டார்.

"சவுக்கா? இப்பல்லாம் இரும்புப் பைப்புதான் பெரியவரே. வாடகை தனி!"