பாவு நாள் டீ

செவிலிமேட்டில் டீக்கடை பாய்லரை எத்தனை மணிக்குப் பற்றவைப்பது என்பது அன்றைக்குத் தெருவில் பாவு உண்டா என்பதைப் பொறுத்தது. பாவு உள்ள நாளில் விடியற்காலை நாலரைக்கே கடை திறந்துவிடும். ஏறக்குறைய மூன்று சேலைக்கு உண்டான பட்டு இழைகளைத் தெருவோடு நீளமாக இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று சிக்கு எடுத்து, அறுந்ததை முடிந்து, சுருட்டியாக வேண்டும். வெயில் ஏறினால் நூல் காய்ந்து பட்டென்று அறும். ஏழு மணிக்குமேல் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும். அதற்குள் முடிக்கிற வேலைக்குப் பத்துப் பேர் நின்றால் அந்தப் பத்துப் பேர் டீயும் பாவுக்குச் சொந்தக்காரர் கணக்கு.

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலை பாலாற்றைத் தாண்டுவதற்கு முன்னால் இருக்கிறது செவிலிமேடு. தனிப் பேரூராட்சியாக இருந்து பிறகு காஞ்சி நகரத்தோடு சேர்ந்தது. வைணவர்களுக்கு இந்த ஊர் என்றால் சாலைக்கிணறு. இராமானுஜர் நாள்தோறும் தண்ணீர் எடுத்து வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோனதாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்வது இந்தக் கிணற்றைத்தான். நான் போனது கிணற்றுக்காக அல்ல, தறிக்காகவும் டீக்காகவும். ஆனாலும் தண்ணீர்ப் பேச்சு தானாகவே வந்தது. "போர் தண்ணியில போட்டா மேல எண்ணெ மாதிரி படலம் கட்டும் சார். கருக்குன்னு இருக்கும், மணம் இருக்காது" என்றார் டீ மாஸ்டர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் தேயிலைச் சாறு அப்படித்தான் நடந்துகொள்ளும். அவர் கேன் தண்ணீருக்கு மாறிப் பல வருடம் ஆகிறது.

பருவத்துக்கு ஒரு தேநீர் என்று பேசுபவர்கள் பெரும்பாலும் செடியின் பருவத்தைத்தான் பேசுகிறார்கள். டார்ஜிலிங்கில் மார்ச் வாக்கில் கிள்ளும் முதல் கொழுந்துக்கு வெளிர்நிறமும் பூ வாசமும். மே, ஜூனில் தத்துப்பூச்சி கடித்த இலையில் திராட்சை மணம். ஜப்பானில் வசந்தம் பிறந்த 88ஆம் நாளை, அதாவது மே மாதத் தொடக்கத்தை, எண்ணிக்கொண்டு புதுத் தேயிலைக்குக் காத்திருப்பார்கள். இலங்கையில் ஊவா மலைச்சரிவுகளில் ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில் செடி வாடி வதங்குகிறபோதுதான் அதன் உயர்ந்த தேயிலை கிடைக்கும். இதெல்லாம் அழகான செய்திகள். குடிக்கிற ஆள் அந்த நேரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பது மட்டும் இவற்றில் இருக்காது. காலத்தை உடம்பாலும் கூலியாலும் அறிகிறவர்கள் எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்க்க விரும்பினேன். நெசவைவிடப் பருவத்துக்குக் கட்டுப்பட்ட கைத்தொழில் காஞ்சியில் வேறில்லை.

தறிவீட்டுக்குள் டீ வருவதில்லை. எனக்கு இது முதலில் விருந்தோம்பலில் ஏதோ விட்டுப்போன மாதிரிப் பட்டது. திண்ணைக்கு அழைத்துப்போய்த்தான் தம்ளரைக் கையில் கொடுத்தார்கள். காரணம் எளிது. பட்டு துவர்ப்பை விடாது. சாயப்பட்டறைகளில் ஒரு காலத்தில் கடுக்காயை ஊறவைத்ததே அந்தத் துவர்ப்புக்காகத்தான். அதே சரக்கு டீயிலும் இருக்கிறது. சேலையின் மாம்பழ நிற உடலில் ஒரு சொட்டுச் சிந்தினால் சேலை போச்சு, பல நாள் கூலியும் போச்சு.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடைநூலைச் சுமந்து மூன்று நாடா ஓடும். நெசவாளர் இந்தப் பக்கம் ஓட்ட, அந்தக் கரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க வலப்பக்கம் ஓர் ஆள். அந்த ஆள் பெரும்பாலும் மனைவியோ மகளோ. "நான் டீ குடிக்க எழுந்தா அவரும் எழணும், அவரு எழுந்தா நானும் எழணும்" என்று சிரித்தார் ஓர் அம்மா. ஆண்கள் மட்டும் கடைக்குப் போய் அரசியல் பேசி வருகிற வழக்கம் கோர்வைத் தறியில் செல்லாது. அந்த வீட்டில் டீ பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட நேரம். தூக்குச் சட்டியில் வாங்கிவரும் டீயை இரண்டு தம்ளரில் சமமாக ஊற்றுவது அந்த அம்மாவின் கை.

மழைக்காலத்தைப் பற்றித்தான் எல்லோரும் நிறையப் பேசினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் முதலில் நிற்பது தெருப் பாவு. அடுத்து, சாயமேற்றிய பட்டு காய்வதில்லை. நிழலில்தான் உலர்த்த வேண்டும், காற்றிலேயே ஈரம். ஊடைநூல் வராமல் தறி காத்திருக்கும். குழித்தறி என்றால் இன்னும் மோசம். கால் வைத்து மிதிக்கிற பள்ளத்தில் ஊற்று சுரக்கும். 2015 டிசம்பர் மழையையும் 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதையும் சொல்லாத ஆள் இல்லை. வறண்ட ஆற்று மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்களாம், வீட்டில் பெரியவர்கள் பள்ளத்துத் தண்ணீரைச் சொம்பால் மொண்டு கொட்டிக்கொண்டிருந்தபோது. தண்ணீர் ஏறாத வீட்டிலும் பட்டு சும்மா இருக்காது. சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் நூற்றுக்குப் பதினொன்று அளவு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும் நூல் அது. மழையில் இன்னும் குடிக்கும், பாவு தொய்யும், அடித்த நெசவு ஒரே சீராக நிற்காது.

அந்த நாட்களில் டீக்கடையில் கூட்டம் அதிகம், கல்லாவில் காசு கம்மி. மாஸ்டரின் கணக்கு நோட்டு தடிமனாவது அப்போதுதான். வேலை இல்லாத நெசவாளர் ஒரு டீயை இரண்டாக வாங்கி இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வார். சின்ன அளவு என்பதால் நாக்கில் நிற்க வேண்டும். எனவே தூள் தூக்கலாக, இஞ்சி தட்டிப்போட்டு. "மழைல லைட் டீ கேக்கறவன் கையில காசு இருக்கிறவன்" என்றார் மாஸ்டர். அவர் கண்டுபிடித்த சமூகவியலுக்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. தூளையும் அவர் காப்பாற்ற வேண்டும். தொழிற்சாலையை விட்டு வரும்போது நூற்றுக்கு மூன்றளவு ஈரம்தான் இருக்கும் தேயிலைத் தூளில். மழைக்காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் சப்பென்று ஆகிவிடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் டப்பாவில் கொட்டி, மீதியைப் பையோடு இறுகக் கட்டி பாய்லர் பக்கத்து டிரம்மில் வைத்திருக்கிறார். தறிவீட்டில் பட்டுக் கட்டுகளைத் தரையில் வைக்காமல் உயரத்தில் ஏற்றுவதும் இதே பயத்தில்தான்.

இந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தை மாதக் குளிரில் குன்னூர் போனேன். அங்கே மழைக்கதை தலைகீழ். நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வருடம் முழுக்கக் கிள்ளலாம். ஆனால் செப்டம்பர் முதல் டிசம்பர்வரை இலை குவியும். செவிலிமேட்டில் தறி நிற்கிற அதே மழையில் மலைத் தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடும். நாலரைக் கிலோவரை பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள். மழையில் வருகிற இலையில் தண்ணீர் அதிகம், அது வாடுவதற்கு மின்விசிறித் தொட்டிகளில் கிடக்க வேண்டிய நேரமும் அதிகம். வாடிய இலை பல் உருளைகளுக்கு நடுவே நசுங்கி, கிழிந்து, சுருண்டு, காற்றில் சிவந்து, உலையில் காய்ந்து சல்லடைக்கு வரும். சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் என்று தரம் பிரிப்பதெல்லாம் நம் கடைக்காரர்களை மனத்தில் வைத்துத்தான். சீக்கிரம் சாறு இறங்க வேண்டும், பாலைத் தாங்க வேண்டும். கொழுந்து கிள்ளுகிறவர்களில் பலர் 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அப்படி வந்தவர்களுக்கு வேலை தர 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. ஊவாவின் கச்சான் காற்றைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றார் கிள்ளிக்கொண்டிருந்த ஓர் அக்கா, கை நிற்கவில்லை.

தை மாதம் தொழிற்சாலைக்கு மந்தம். ஆனால் நீலகிரியின் பேர் சொல்லும் சரக்கு அந்த மந்தத்தில்தான் விளைகிறது. இரவுக் குளிரும் பகல் வறட்சியும் சேர்ந்து செடியின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்த, சிறுத்து வரும் கொழுந்தில் மணம் செறிகிறது. அதை நசுக்காமல் பழைய முறையில் உருட்டிச் செய்வதற்குப் பனித் தேயிலை என்று பெயர். பெயரைப் பார்த்து உறைபனி படிந்த இலை என்று நினைக்கக் கூடாது. உறைபனி நேராகப் படிந்தால் இலை கருகிக் குப்பைக்குத்தான் போகும், அவலாஞ்சிப் பக்கம் விவசாயிகள் டிசம்பரில் வானத்தைப் பார்ப்பது அந்த அச்சத்தில். 2006இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் நீலகிரித் தேயிலை ஒன்று கிலோ 600 டாலருக்குப் போனது. குன்னூர் ஏலத்தில் அதே வாரம் டஸ்ட் விற்ற விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது.

ஒரு பொட்டலம் பனித் தேயிலையை வாங்கிவந்து செவிலிமேடு மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார், "பூ வாசம்" என்றார், தன் வழக்கப்படி துணி வடிகட்டியில் போட்டுக் கொதிநீர் ஊற்றிப் பாலில் கலந்து ஆற்றினார். வந்தது இளஞ்சிவப்பான, ஒன்றுமில்லாத ஏதோ. கடையில் நின்ற மூன்று பேர் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். "வாசனை முன்னால போவுது, டீ பின்னால வரல" என்றார் சாயப்பட்டறைக்காரர். தீர்ப்பு சரிதான். இந்த இலையைக் குறை சொல்ல முடியாது. பாலோடு சேர்த்தது தவறான சம்பந்தம். அடைமழையில் தறிப்பள்ளம் இறைத்துவிட்டு வருகிற ஆளுக்கு இதைக் கொடுப்பது அவரைக் கேலி செய்வது. அந்த வேளைக்கு மழையில் குவிந்த இலையிலிருந்து வந்த டஸ்ட்தான், அதில் கொஞ்சம் அசாம் தூள் கலந்தால் இன்னும் நல்லது, இஞ்சி கட்டாயம்.

மார்கழி இங்கே வேறு மாதிரி. இராமானுஜருக்காக வரதர் செவிலிமேட்டுக்கு எழுந்தருளும் அனுஷ்டானகுள உற்சவம் அந்த மாதத்தில்தான். கூட்டத்துக்காக மாஸ்டர் சுக்கும் மிளகும் இடித்து வைத்துக்கொள்கிறார். சுக்கு, மிளகு, சீரகம் போட்ட கோயில் இட்லி தின்று வளர்ந்த ஊர் நாக்கு அதை உடனே ஏற்றுக்கொள்ளும். டீயில் மிளகு எனக்குப் பிடிக்கவில்லை. சுக்கு மட்டும் போதும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்குத் தறி ஓடியாக வேண்டும்; அந்த மாதத்து டீ பற்றிச் சொல்ல விசேஷமாக ஒன்றுமில்லை, வழக்கமான மீடியம்.

சித்திரை, வைகாசிதான் சிக்கல். வெயிலில் இழை முறுகி அறுவதால் நெசவாளர்கள் அதிகாலையில் உட்கார்ந்து பதினோரு மணிக்குள் முக்கால் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். சிலர் தறிக்கு அடியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தப் புழுக்கத்தில் கெட்டிப்பால் டீ குடித்துவிட்டு மறுபடி குழியில் இறங்கினால் வயிறு மந்தமாகும் என்று அந்தக் கோர்வைத் தறி அம்மா சொன்னார். மோர் குடித்தால் தூக்கம் வருகிறதாம். மீதியிருந்த பனித் தேயிலையை அவரிடம் கொடுத்து வந்தேன். இரவு மண்பானைத் தண்ணீர் ஒரு சொம்பில் இரண்டு ஸ்பூன் இலை போட்டு மூடி, காலையில் வடிகட்ட வேண்டும். சுடவைக்கக் கூடாது. சுடுதண்ணீரில் இறங்குகிற அளவுக்குத் துவர்ப்பு குளிர்ந்த நீரில் இறங்காது, மணம் இறங்கிவிடும். வேண்டுமானால் எலுமிச்சை நாலு சொட்டு.

பிறகு போனபோது பொட்டலம் தீர்ந்திருந்தது. அவர் கணவருக்கு அது டீ என்றே தோன்றவில்லையாம், கடைக்குப் போய் ஸ்ட்ராங்காக ஒன்று குடித்துவிட்டுத்தான் தறிக்கு வந்தாராம். "அதனால பதினோரு மணி டீ இப்ப தனித்தனி ஆயிடுச்சு. நான் இதைக் குடிக்கிறேன், அவரு வர்ற வரைக்கும் கரை நாடாவைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். கிலோ என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். "கால் கிலோ வாங்கினா தூக்குச் சட்டி டீ ஒரு மாசத்துக்கு வரும்" என்று கணக்குப் போட்டுவிட்டு, அடுத்த தடவை ஐம்பது கிராம் மட்டும், சித்திரைக்கு முன்னால், என்றார்.