சேர்வராயன் உச்சியில் அப்பாவின் ஒற்றை விசில்!

சேலத்துக்காரர்களிடம் போய், "ஏற்காடு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் செல்ஃபி, பகோடா பாயின்ட் பக்கம் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, இருட்டுவதற்குள் கீழே இறங்கி வீடு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மலையை நடந்து பார்த்ததில்லை.

அப்பா கதை இன்னும் வேடிக்கை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் சில வருடங்கள் சேலம் - ஏற்காடு தடத்தில். 20 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு மனப்பாடம். "எட்டாவது பெண்டுல யாராவது கட்டாயம் வாந்தி எடுப்பாங்க. அதனால ஆறாவது பெண்டுலயே கவர் குடுத்துடுவேன்" என்பார். ஆனால், மேலே போனதும் டீ, கணக்கு, திரும்ப டபுள் விசில், இறக்கம். அந்த மலை உச்சியை அவர் பார்த்ததே இல்லை.

போன வருடம் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு தெருமுனைக் கடைக்குக்கூட யோசித்து யோசித்துப் போக ஆரம்பித்தார். டாக்டர் "நடங்க, நடங்க" என்கிறார். இவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அந்த நேரத்தில்தான் அயர்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் என் சித்தி பெண், ஃபேமிலி குரூப்பில் ஒரு போட்டோ போட்டாள். மேற்கு அயர்லாந்தில் மேயோ பகுதியில் இருக்கும் க்ரோக் பேட்ரிக் என்ற மலையாம். ஒவ்வொரு வருடமும் ஜூலை கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். சிலர் வெறுங்காலோடு. அப்பா போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ உயரம்?" என்றார். 764 மீட்டர் என்றேன். "நம்ம சேர்வராயன் கோயில் இதைவிட ரெண்டு பங்கு இருக்குமே!"

இருக்கிறது. சேர்வராயன் உச்சி 1,623 மீட்டர். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்தே ஏறுகிறார்கள். நாம் முக்கால்வாசியை பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஏறிவிடுகிறோம்.

டிசம்பர் முதல் வாரம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினோம். "பேசிக்கிட்டே நடக்க முடியற வேகத்துல போங்க. மூச்சு வாங்கினா உக்காந்துடுங்க" என்றார். ஏரிக்கரையிலிருந்து கோயிலுக்கு ஆறேழு கிலோமீட்டர். கோயில் வரை தார்ச் சாலை இருப்பதால், முடியாவிட்டால் ஏதாவது வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

வழியெல்லாம் காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிக்கொண்டு மேலே போகிறது. அதன் நிழலில் காபிச் செடிகள். பழம் சிவந்து நிற்கும் பருவம் இது, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கொண்டுவந்த பயிர். கிரேஞ்ச் எஸ்டேட்டில் தொடங்கியது, மலையின் முகத்தையே மாற்றிவிட்டது. ஏற்காடு என்ற பெயரில் இருக்கும் 'காடு' பல இடங்களில் இப்போது தோட்டம்தான்.

அப்பா முதல் இரண்டு கிலோமீட்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயம். பேசிக்கொண்டே நடக்கச் சொன்னாரே டாக்டர்! "அப்பா, ஏதாவது பேசுங்க" என்றேன். "என்ன பேசறது கண்ணு?" "பழைய டிக்கெட் ரேட்டைச் சொல்லுங்க." அவ்வளவுதான். ஸ்டாப் ஸ்டாப்பாக, வருடம் வருடமாக ஆரம்பித்தவர், உச்சி வரை நிறுத்தவில்லை.

மேலே போகப் போக மண் சிவக்கிறது. இது பாக்சைட் இருக்கும் மண். அலுமினியம் எடுக்க இங்கிருந்து மேட்டூர் ஆலைக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். இப்போது வெட்டுவது நின்று வருடங்கள் ஆகின்றன. நாம் வீட்டில் சாதம் வடிக்கும் அலுமினியப் பாத்திரத்தில் இந்த மலையின் ஒரு பிடி இருக்கக்கூடும் என்று தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன். "அதான் இப்ப எல்லாம் எவர்சில்வர் ஆயிடுச்சே" என்றார்.

உச்சி என்றால் கூர்மையாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். மரமே இல்லாத, புல் மட்டும் வளர்ந்த பெரிய சமவெளி. அதன் ஓரத்தில் குகைக்கோயில். தலை குனிந்து, முதுகை வளைத்துத்தான் உள்ளே போக முடியும். ஈரமும் இருட்டுமான அந்தச் சின்ன இடத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையும் ஆறும் சேர்ந்து சாமியாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், சரபங்கா நதியும் இந்த மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. நகருக்குள் வந்தபின் திருமணிமுத்தாறை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது தனிக்கட்டுரை.

தரிசனம் முடிந்து வெளியே வந்தால் வெயில். அப்பா முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "அந்த ஓரம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார். நானும் சரி என்றேன். தப்பு அங்கேதான். ஓரத்துக்குப் போய், திரும்புகிற வழியில் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். ஐந்தே நிமிடம், பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. கோயில் இல்லை, சாலை இல்லை, பத்தடி தள்ளி நின்ற அப்பா வெறும் நிழல். போனில் சிக்னல் இல்லை. அவருடைய மாத்திரை கீழே ரூமில் இருந்தது. இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நான் எந்தப் பக்கமாவது நடக்கப் பார்த்தேன். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "நகராத. அப்படியே உக்காரு." பிறகு சாவிக்கொத்தை எடுத்தார். ஓய்வு பெற்றும் அதிலிருந்து கழற்றாத பழைய விசில். நீளமாக ஒரு ஊது. நிறுத்தி, மறுபடி ஒன்று. "ரெண்டு ஊதினா பஸ் போயிடும்மா, ஒண்ணு ஊதினாத்தான் நிக்கும்" என்றார், அந்த நேரத்திலும்!

நாலைந்து முறை ஊதியபின் கீழே எங்கிருந்தோ ஒரு பெண் குரல். "யாருங்க அது? அங்கயே இருங்க!" தலையில் விறகுக்கட்டோடு வந்தார் ஓர் அக்கா. மலையாளி இனத்தவர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் மலைகளுக்குப் பிரிந்து வந்ததாகவும், மூத்தவர் தங்கியது சேர்வராயன் மலை என்றும் இவர்களிடம் ஒரு கதை உண்டு.

"மஞ்சு ஏறினா நடக்கக் கூடாதுங்கண்ணா. அந்தப் பக்கம் சரிவு. காட்டு மாடும் நிக்கும்" என்றார். நான் நடக்கப் பார்த்த அதே பக்கம். கட்டை இறக்கி வைத்து எங்களோடு உட்கார்ந்தார். மேகம் கொஞ்சம் விலகியதும் முன்னால் நடந்து சாலையில் விட்டார். பணம் எடுத்த அப்பாவின் கையைத் தள்ளிவிட்டு, "மே மாசம் திருவிழாவுக்கு வாங்க" என்றார்.

சித்தி பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அங்கே மலையேறுபவர்கள் பையில் விசில் இல்லாமல் கிளம்ப மாட்டார்களாம். ஆபத்து என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. அப்பாவிடம் சொன்னேன். "அது அவங்க டிப்போ ரூல்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: கோயில் வரை சாலையிலேயே நடக்கலாம். காட்டுப் பாதைகளில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 உயிர்கள் போன பிறகு வந்த கட்டுப்பாடு இது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம். பெண்டுகளை எண்ணவில்லை, தூங்கிவிட்டார். அடிவாரம் வந்ததும் கண்ணைத் திறந்து, "மே மாசம் எப்ப லீவு போடற?" என்றார்.