நடுவில் உட்கார்ந்திருப்பவர்

ஸ்குவிட் என்றால் கிள்ளான்காரர்களுக்குச் சோத்தோங் சம்பல்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது ப்ராக்ஸி மென்பொருளை. நம் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, நாம் கேட்பதை நம் சார்பில் வாங்கிவந்து தரும். ஹார்வெஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்து, 1996இல் டுவேன் வெசல்ஸ் வழியாக வெளிவந்தது. மூலநிரல் திறந்தே கிடக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம்.

மோடம் காலத்தில் அதன் வேலை மிச்சம் பிடிப்பது. ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்குக் கொடுக்கும். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ். எந்தத் தளம் என்பது மட்டும் ப்ராக்ஸிக்குத் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. உறைமேல் உள்ள முகவரியைப் படிக்கும் தபால்காரர் மாதிரி.

உறையைப் பிரிக்கவும் ஒரு வழி இருக்கிறது.

எனக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில், வீடு கிள்ளானில். வீட்டுக்குப் பக்கத்தில் டியூஷன் சென்டர் நடத்தும் டீச்சர் எனக்கும் பாடம் சொன்னவர். ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பார்க்குதுங்க. தடுக்கவும் வேணும், யாரு என்ன பார்க்குறாங்கன்னு எனக்குத் தெரியவும் வேணும்."

டெபியனில் ஒரே கட்டளையில் ஸ்குவிட் வந்துவிடும். ஆனால் டெபியன் பல ஆண்டுகள் அந்தப் பொதியை ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லாமல்தான் கொடுத்தது. ஸ்குவிட்டின் ஜிபிஎல் உரிமமும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய உரிமமும் ஒத்துப்போகவில்லை. அது இல்லாமல் 'எஸ்எஸ்எல் பம்ப்' நடக்காது. உறையைப் பிரித்துப் படித்து, தன் முத்திரை குத்தி மறுபடி ஒட்டி அனுப்பும் வசதி அது. வேண்டியவர்கள் மூலநிரலை இறக்கித் தாங்களே கட்டிக்கொண்டார்கள். உரிமச் சிக்கல் ஒன்று தற்செயலாக வேலியாக நின்றிருக்கிறது. இப்போது அதற்கும் தனிப் பொதி வந்துவிட்டது.

இருந்தும் மூலநிரலிலிருந்தே கட்டினேன். உள்ளே எது இருக்கிறது, எது இல்லை என்று டீச்சரிடம் உறுதியாகச் சொல்ல வேண்டியிருந்தது. கோப்பை இறக்கி, கையொப்பம் சரிதானா என்று பார்த்தாகிவிட்டது. அடுத்து 'கான்ஃபிகர்'. எந்தெந்த வசதி வேண்டும் என்று அந்த வரியில்தான் எழுத வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் சேர்ப்பதா, வேண்டாமா?

"டீச்சர், இதச் சேர்த்தா பிள்ளைங்க மெசேஜ், பாஸ்வர்ட் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள திறந்துதான் போகும். நீங்க இங்க உட்கார்ந்து பேங்க் வேலை பார்த்தாலும் அப்படித்தான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது இல்லாம தடுக்க முடியாதா?"

"தளத்தோட பேர வச்சே தடுக்கலாம்."

"அப்ப அது போதும்."

சேர்க்காமல் கட்டினேன். பழைய கணினி, 'மேக்' முடிவதற்குள் இரண்டு தே தாரிக் ஆகிவிட்டது. 'இன்ஸ்டால்' ஆனதும் ஓட மறுத்தது, பதிவேட்டில் எழுத அனுமதி இல்லையாம். இப்படிக் கட்டிய ஸ்குவிட் 'நோபடி' என்ற பயனர் பெயரில்தான் இயங்கும். யாருமில்லை என்று பெயர், எல்லார் கணக்கையும் எழுதுகிற வேலை! பதிவேட்டு அடைவை அந்த யாருமில்லாதவர் பெயருக்கு மாற்றியதும் 3128ஆம் போர்ட்டில் ஓட ஆரம்பித்தது.

பதிவேட்டில்தான் டீச்சரும் நானும் ஒத்துப்போகவில்லை. யார் என்று தெரிய வேண்டும் என்றார். தளப் பெயர் மட்டும்தானே என்று விட முடியாது. மனம் உடைந்த ஒரு பிள்ளை பிஃப்ரெண்டர்ஸ் தளத்தைத் திறந்தால் அந்தப் பெயர் ஒன்றே போதும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் திறக்காமலே போய்விடும். எந்தக் கணினி என்பதை மறைக்க ஸ்குவிட்டில் ஒரு வரி உண்டு. அதைப் போட்டேன். ஏழு நாளில் பதிவு அழிந்துவிடும். என்னென்ன தடுக்கப்படுகிறது, என்ன பதிவாகிறது என்று சுவரில் ஒரு தாள். டீச்சருக்கு முழுத் திருப்தி இல்லை. "ஒனக்குப் பிள்ளை பொறந்தா தெரியும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தாளைப் படித்த ஃபார்ம் ஃபோர் பையன் கேட்டான்: "அண்ணே, அப்ப வீட்டு லைன்ல நடுவுல யாரு இருக்கா?"

2016 ஜனவரியில் மீடியம் தளமே நம் நாட்டில் முடக்கப்பட்டதைச் சொன்னேன். சரவாக் ரிப்போர்ட் தன் கட்டுரைகளை அங்கே போட்டதுதான் காரணம். 2024 செப்டம்பரில் நடந்ததையும் சொன்னேன். கூகுள், கிளவுட்ஃபிளேர் பெயர்ச் சேவையகங்களுக்கு நாம் அனுப்பும் கேள்விகளை இணைய நிறுவனங்கள் தங்கள் சேவையகத்துக்கே திருப்பிவிட வேண்டும் என்று தகவல் தொடர்பு பல்லூடக ஆணையம் உத்தரவிட்டிருந்தது. தீய தளங்களிலிருந்து மக்களைக் காக்க என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், 8ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். காக்க என்பதுதான் டீச்சரின் காரணமும். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் டீச்சரிடம் நேரில் உட்கார்ந்து 'இது வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது.

பையன் யோசித்துவிட்டு, "எனக்கும் கட்டக் கத்துக்குடுங்கண்ணே" என்றான். இப்போது சனிக்கிழமைகளில் மூன்று பேர் வருகிறார்கள். முதல் பாடம், 'கான்ஃபிகர்' வரியில் எதையெல்லாம் சேர்க்காமல் விடலாம் என்பது.