வல்வெட்டித்துறைக் கப்பல்கள்

பெரகலச் சரிவிலே, மூடுபனி விலகிய காலைகளில், தெற்கே நெடுந்தொலைவில் வெள்ளிக் கம்பிபோற் கடல் தெரியும். மலைநாட்டு மாணவர் பலர்க்குக் கடல் என்பது அந்தக் கோடு மட்டுமே. அத்தகையோர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் வடமராட்சிக்குச் சென்றோம்.

வல்வெட்டித்துறை சிற்றூர். கப்பல் அணையும் பெருந்துறைமுகம் அங்கில்லை. ஒடுங்கிய கரை, நெருங்கிய வீடுகள், முத்துமாரியம்மன் கோயில், அவ்வளவே. வடமேற்கே அக்கரையிற் கோடிக்கரை.

இக்கரையிலேதான் மேத்திரிமார் கப்பல் கட்டினர். கல்லூரியிற் கற்ற கலையன்று. தந்தையின் கையைப் பார்த்து மகன் பயின்றது. தண்டையல் எனப்படும் மாலுமித் தலைவர்கள் விண்மீன்களை நோக்கி வழியறிந்து நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் அக்கலங்களைச் செலுத்தினர். அரிசியும் தேக்கும் ஏற்றிவந்தனர்.

அவற்றுட் புகழ்பெற்றது ‘அன்னபூரணி’. 1930இல் வேப்பமரத்தாற் கட்டப்பட்டது; இரண்டு பாய்மரம், நீளம் ஏறக்குறைய 90 அடி. சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் ராபின்சன் இதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். சூயஸ் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, அத்திலாந்திக்கையும் கடந்து 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. அதிற் பணியாற்றிச் சென்றோருள் இவ்வூர் மாலுமிகளும் இருந்தனர். பெயரை மாற்றலாம், வேம்பை மாற்றவியலுமா?

இத்துணைத் திறன் ஏன் மறைந்தது? நீராவிக் கப்பல் ஒரு காரணம். மற்றொன்றை நம் மாணவர் எளிதில் விளங்கிக்கொண்டனர். 1948இல் இயற்றப்பட்ட குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்பின், அக்கரைக்குப் போய்வரக் கடவுச்சீட்டும் அனுமதியும் வேண்டியதாயிற்று. சுங்கக் கட்டுப்பாடும் இறுகியது. பாட்டன் காலத்து வணிகம் பேரன் காலத்திற் கள்ளக்கடத்தல் எனப் பெயர் பெற்றது.

அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமே தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கிய சட்டம் வர 2003 ஆயிற்று. “அப்படியென்றால் ஐயா, நமக்கும் இவர்களுக்கும் கதவடைத்தது ஒரே ஆண்டிலா?” என்று ஒரு மாணவி வினவினாள். ஆமென்றோம்.

கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாய்க் கிடந்தன. ஒரு முதியவர் அவளை அழைத்து, விரலால் மணலிற் கப்பலொன்றின் அடிமரத்தை வரைந்து காட்டத் தொடங்கினார்.