பின்கட்டு அறையின் தொலைக்காட்சி

சென்ற தை மாதம் மூன்று நாள் ஓய்வு கிடைத்தபோது நாம் பிறந்த வீட்டிற்குச் சென்றோம். தாமிரபரணிக் கரையை அடுத்த சிற்றூர் அது. தம்பியின் குடும்பமும், எண்பத்து மூன்று வயதான நம் அன்னையும் அங்கே வாழ்கின்றனர். கூடத்தில் ஒரு தொலைக்காட்சி. அன்னையின் பின்கட்டு அறையில் மற்றொன்று. பின்னது பங்கு இல்லத்தில் பயனற்றுக் கிடந்தது; ஆடி மாதத்தில் நாமே கொண்டு சேர்த்தோம். வாரந்தோறும் தொலைபேசியில், "டி.வி. பாக்கியாம்மா?" என்று கேட்போம். "பாக்கேன் சாமி" என்பார். அந்த விடையைக் கேட்கையில் நமக்குச் சற்றே பெருமை இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

முதல் நாள் இரவு, குடும்பச் செபமாலை முடிந்தபின் அன்னையின் கட்டிலருகே அமர்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு மணி அடித்தது. திரையில் படம் உறைந்தது. பின் 'சிக்னல் இல்லை' என்னும் பொருள்பட ஆங்கில எழுத்துகள் தோன்றின. அன்னை சிறிதும் வியப்படையவில்லை. ரிமோட்டை எடுத்துப் பெட்டியை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"என்னம்மா, நின்னு போச்சே?"

"எட்டு மணிக்கு நிப்பாட்டிருவாவ சாமி. பையன் படிக்கான்லா."

தம்பி மகன் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. எட்டு மணி முதல் கூடத்தில் அமர்ந்து படிப்பான் என்பதால், தம்பி அங்குள்ள பெட்டிகளின் சுவிட்சைச் சுவரிலேயே அணைத்துவிடுவது வழக்கம். நாம் எழுந்து சென்று கேட்டபோது அவர் திகைத்தார். "அம்மா டி.வி.யை நான் ஏண்ணே நிறுத்தப் போறேன்?" கூடத்துச் சுவிட்சைப் போட்டார். பின்கட்டில் செய்தி வாசிப்பவரின் குரல் மீண்டும் கேட்டது. மறுபடி அணைத்தார், குரல் நின்றது. இரண்டு முறை அவ்வாறு செய்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார்.

ஐந்து மாதங்கள்! மூடப்பட்டது தமக்காகவே என்று எண்ணிய அம்மூதாட்டி, ஒரு நாளேனும் ஏன் என்று கேட்கவில்லை.

குருமடத்தில் நமக்குப் புகட்டப்பட்ட பாடங்களுள் இதற்கு விளக்கம் கிடையாது. மறுநாள் காலை வந்த டிஷ் மாட்டும் இளைஞரிடம்தான் கற்றோம். முன்னாளில் கேபிள் ஒளிபரப்பு இருந்தபோது இத்தொல்லை இல்லை. தெருவிலிருந்து வரும் ஒற்றை ஒயரை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்தால் எல்லா அறைகளிலும் எல்லா அலைவரிசைகளும் தெரியும். இரண்டாகப் பிரித்தால் அலையின் ஆற்றல் பாதியாகும். நான்காகப் பிரித்தால் கால் பங்காகும். படத்தில் புள்ளி விழும், அவ்வளவே. அதற்கும் முன்னே, 1982-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபோது, நம் பகுதியில் பனை உயரத்திற்கு ஆண்டெனா நட்டுக் கண்டவர்களுக்குப் புள்ளிகளே பழக்கம். டிஜிட்டல் முறையில் மங்கல் என்னும் இடைநிலை பெரும்பாலும் இல்லை. போதிய அலை வந்தால் முழுப்படம். குறைந்தால் படம் சிறிது உடைந்து, உடனே வெறுமை. புள்ளி விழுந்திருந்தால் "பொட்டி கெட்டுப்போச்சு" என்று அன்னை சொல்லியிருப்பார். திடீரென்று முற்றும் இருண்டதால், யாரோ அணைத்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

2011-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி கேபிள் ஒளிபரப்பு கட்டங் கட்டமாக டிஜிட்டலுக்கு மாறியது. அதன்பின் ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் ஒரு செட் டாப் பாக்ஸ் வேண்டும் என்றாயிற்று. இரண்டு பெட்டிக்கும் மாதக் கட்டணம் கட்ட இயலாத தம்பி, தூர்தர்ஷனின் கட்டணமற்ற டிடி ஃப்ரீ டிஷ் போதும் என்று தீர்மானித்தார். 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை அது. மாடியில் ஒரு குடை. கிழக்கு-தென்கிழக்காக, உச்சிக்குச் சற்றுக் கீழே, 93.5 பாகைக் கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 துணைக்கோளை நோக்கிய பார்வை. குடையின் முன் நீட்டிய கையில் எல்.என்.பி. என்னும் சிறு கருவி. வானலையை வாங்கிக் கீழே அனுப்புவது அதுவே. ஆனால் அதற்கெனத் தனி மின்சாரம் கிடையாது. வீட்டிற்குள்ளிருக்கும் செட் டாப் பாக்ஸ்தான், படம் இறங்கி வரும் அதே ஒயரின் வழியே, 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை மேலேற்றுகிறது. அலை குத்தாக வருகிறதா, கிடையாக வருகிறதா என்பதற்கேற்ப அவ்வெண் மாறும்.

முதலில் மாட்டியவர் மாடியிலிருந்து ஒரே ஒயரை இறக்கி, பழைய கேபிள் காலத்து வழக்கப்படி ஸ்ப்ளிட்டரால் இரண்டாக்கியிருந்தார். அந்த ஸ்ப்ளிட்டரின் ஒரு வாய் மட்டுமே மின்சாரத்தை மேலே விடும். அது கூடத்தின் பக்கம் இருந்தது. ஆகவே பின்கட்டுப் பெட்டி கூடத்தின் மின்சாரத்தில்தான் பிழைத்தது. கூடத்தில் சுவிட்சை அணைத்த கணமே மாடியில் கருவி உயிரிழந்தது. மாட்டிய நாளன்று இரண்டு அறைகளிலும் படம் தெரிந்ததால், எவரும் ஐயுறவில்லை. ஒரு பெட்டியை அணைத்துவிட்டு மற்றதைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை நாமும் செலவிடவில்லை. அன்று தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம்.

இளைஞர் எல்.என்.பி.யைக் கழற்றிவிட்டு, இரு வாயுள்ள ஒன்றைப் பொருத்தினார். சில நூறு ரூபாய்ச் செலவு. கூடத்திற்கு ஓர் ஒயர், பின்கட்டிற்குத் தனி ஒயர். நான்கு வாயுள்ளதும் கிடைக்குமாம். பெட்டி பெருகும் வீட்டினர் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குவது நலம் என்றார். கட்டணச் சேவைகளில் குத்தலை, கிடையலை இரண்டும் இருக்குமாயின், ஸ்ப்ளிட்டர் வைத்த வீட்டில் ஓர் அறையின் விருப்பம் மற்ற அறையின் படத்தையே பறித்துவிடும் என்றும் சொன்னார். மழைநீர் இறங்காதிருக்க மாடி இணைப்புகளில் இரப்பர் நாடா சுற்றினார். நம் வேண்டுகோளின்படி கூடத்துச் சுவிட்சை அணைத்துக் காட்டினார். பின்கட்டுப் படம் நின்றது நின்றபடி ஓடியது.

அன்னையை அழைத்து வந்து விளக்கினோம். தம்பி தரையைப் பார்த்தபடியே, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாம்மா" என்றார்.

"கேட்டா, பையன் படிப்ப விட எனக்கு டி.வி. பெருசான்னு ஆயிரும்லா" என்றார் அன்னை. அவர் குரலில் குறை ஏதுமில்லை.

அன்றிரவு எட்டு மணிக்குக் கூடம் அமைதியானபின் பின்கட்டிற்குச் சென்றோம். அறையில் திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. ஒலியை முற்றிலும் அடக்கிவிட்டு, வாசிப்பவரின் உதடுகளை அன்னை உற்று நோக்கிக்கொண்டிருந்தார்.